உறை

முந்நூற்று நாற்பது வீட்டுத் தண்ணீர்
என் தொட்டிக்குத்தான் வருகிறது.
எர்ணாவூர்க் குடியிருப்பின் பின்மதிலோரம்,
கூட்ஸ் ரயில் போனால் தளும்பும் தொட்டி.

காலை நாலே முக்காலுக்கு
மீன் ஏலத்துக்குப் போகும் பெண்கள் குளிப்பார்கள்.
மீட்டரின் முள் முதலில் அசைவது அவர்களால்.
ஆறரைக்குப் பள்ளிக்கூடம். எட்டுக்குச் சோப்பு.
ஞாயிறு பதினொன்றுக்கு மேல்
கறி கழுவிய கொழுப்பு
மிதந்து வந்து கம்பி வலையில் ஒட்டும்.
கிரிக்கெட் இரவுகளில்
விளம்பரம் போட்டதும் எல்லோரும் எழுந்திருப்பார்கள்,
சேர்ந்தாற்போல.
யார் வீட்டில் என்ன என்று
நான் கேட்டதில்லை. தெரிந்துவிடும்.

தொட்டிக்குள் இருப்பவர்களைச் சொல்ல வேண்டும்.
மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்தால்
தண்டின் நுனியில் மணி கட்டினாற்போலச்
சிலர் ஆடுவார்கள்,
சட்டென்று சுருங்கி
மறுபடி நிமிர்வார்கள்.
சம்பளம் இல்லை, ஷிப்ட் இல்லை,
காற்று போதும்.
கரண்ட் போனால் அவர்களுக்கு மூச்சு முட்டும்.
ஜெனரேட்டரை உதைத்து எழுப்ப
எனக்கு இருபது நிமிடம்.
லிட்டர் ஜாடியில் அள்ளி வைத்தால்
அரைமணியில் அடியில் உட்கார்ந்து
தெளிந்த நீரை மேலே விட்டுக்கொடுப்பார்கள்.
கருப்பட்டி நிறம். நனைந்த மண்ணின் வாசம்.
நம்பமாட்டீர்கள்,
நல்ல தொட்டி நாறாது.

புரட்டாசியில் ஒரு செவ்வாய், விடியுமுன்
தண்ணீர் பச்சையாக வந்தது.
பாசியின் பச்சை இல்லை.
கீரை அலசிய பச்சையும் இல்லை.
பாட்டிலை உடைத்துக் கரைத்த பச்சை.
ஜாடியில் எதுவும் உட்காரவில்லை,
சாம்பல் கலங்கலாக நின்றது அரைமணி, ஒருமணி.
சொட்டை வைத்துப் பார்த்தேன்.
மணிகள் இருந்தன.
ஆடவில்லை.

அந்தப் பச்சை எனக்குத் தெரியும்.
எட்வின் சோறு பிசையும்போது
நகக்கண்ணில் இருக்கும் பச்சை.
சைக்கிள் கைப்பிடிக்கும் குழாய்த் திருகுக்கும்
நிக்கல் முலாம் பூசும் பட்டறை,
மூன்றாம் சந்து, போர்டு கிடையாது.
பதினொரு வருஷமாக எங்கள் வீட்டு வாடகை.

பதிவேட்டில் 'காரணம்' என்றொரு கட்டம்.
பேனாவைத் திறந்தேன். மூடினேன்.
'வந்த வழி தெரியவில்லை' என்று எழுதினேன்.
என் கையெழுத்து அன்றைக்கு
ரொம்ப அழகாக இருந்தது.

ராத்திரி அவனைக் கேட்டேன்.
"பழைய கரைசல மாத்துனோம்.
மொதலாளிதான் மேன்ஹோல் மூடியத் தூக்கச் சொன்னாரு."
"தூக்குனது யாரு?"
தட்டைக் கழுவ எழுந்து போனான்.
நெடுநேரம் குழாய்ச் சத்தம்.
அந்தத் தண்ணீரும் என்னிடம்தான் வரும்.

ஆறு நாள்
வந்தது வந்தபடியே கழிமுகத்துக்குப் போனது.
இடுப்பளவு நீரில் இறால் தடவும் கங்கம்மா
கம்பி வேலிக்கு அந்தப்பக்கம் நின்று
முழங்காலைக் காட்டினாள்.
"இன்னா மேடம், இப்டி அரிக்குது?"
தேங்காயெண்ணெய் தடவச் சொன்னேன்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

ஏழாம் நாள் கொடுங்கையூரிலிருந்து
லாரியில் உறை வந்தது.
வேறென்ன பெயர் அதற்கு?
பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி தயிர் வாங்கி
வெதுவெதுப்பான பாலில் விடுவதில்லையா,
அதுதான். பன்னிரண்டாயிரம் லிட்டர்.
டிரைவர் காஜா ஓஸை மாட்டிவிட்டு
மூக்கைப் பொத்தாமல் பக்கத்தில் நின்றான்.
"புடிச்சுக்குமா மேடம்?"
"காத்து குடுத்தா புடிச்சுக்கும்."
"நம்மள மாதிரிதான்" என்றான்,
பீடியைப் பற்றவைத்துக்கொண்டு.

பதினெட்டாம் நாள் ஒரு மணி ஆடியது.
ஒன்றே ஒன்று.
எட்வினைக் கூப்பிட்டு லென்ஸில் காட்ட நினைத்தேன்.
கூப்பிடவில்லை.
அவன் இப்போதெல்லாம் தினமும்
துவைக்கிற கல்லில் நகத்தைத் தேய்க்கிறான்.
போகவில்லை. மறுநாள் மறுபடி
அதே பட்டறைக்குப் போகிறான்.

பதிவேட்டின் அந்தப் பக்கம்
தானாகத் திறந்துகொள்கிறது,
அத்தனை தடவை புரட்டியாயிற்று.
பேனாவின் மூடியைக் கழற்றுவேன்.
அதற்குள் நாலே முக்கால் ஆகிவிடும்,
யாரோ முதல் சொம்பை ஊற்றிக்கொள்வார்கள்,
நான் எழுந்து வால்வைத் திருகப் போவேன்.